குண்டு விழுந்த தூரம்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் சாப்பாட்டு இடைவேளை.
ரெண்டரைக்குத்தான் கூப்பிடுவார்கள் என்றார் குமாஸ்தா.
ஆனி வெயில்,
வக்கீல் கோட்டு மாதிரி எல்லார் தோளிலும் தொங்கியது.

கெடிலத்துக் கரையில் ஒரு பூங்கா.
அனுமதி இலவசம் என்று வாசலிலேயே எழுதியிருந்தது.
முத்திரைத்தாள், ஜெராக்ஸ், டவாலிக்கு டீ என்று
ஒன்பது வருஷம் அழுதவனுக்கு
சில்லறை கேட்காமல் திறந்த முதல் கதவு.

நாவல் மரத்தடியில் ஒரே ஒரு பெஞ்சுக்குத்தான் நிழல்.
அதில்
பிரதிவாதி உட்கார்ந்திருந்தார்.

அஞ்சாப்புலி. என் வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர்.
எங்களுக்கு நடுவில் மூணரை அடி மண்,
நாற்பத்தேழு வாய்தா.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.
வெயில் பிடரியில் கைவைத்துத் தள்ளியது.
மறுகோடியில் உட்கார்ந்து
நடுவில் கேஸ் கட்டை வைத்தேன்,
எல்லைக்கல் நட்டாற்போல.

எதிரே ஒரு பச்சைப் பலகை.
காக்கை எச்சம் போக மீதியை வாசிக்கலாம்:
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
தேவனாம்பட்டினம் கோட்டையை
மராட்டியரிடம் விலைக்கு வாங்கினான் வெள்ளைக்காரன்.
கோட்டையோடு
பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும்
ஊர்களும் அவனுக்கு.
சுட்டான்.
அதற்குள் அடங்கியதெல்லாம் குண்டு கிராமம்.

"நம்ம ஊரு பேரு போட்டிருக்குதுய்யா."

பலகையைப் பார்த்துத்தான் சொன்னார்.
கோர்ட்டுக்கு வெளியே ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

குண்டு உப்பலவாடி.
பள்ளிக்கூடத்தில் ஒல்லிக்குச்சியான என்னை
அந்த ஊர்ப்பேரை வைத்தே கூப்பிட்டார்கள்.
ஏதோ ஒரு தடியன் ஆண்ட ஊர் என்றுதான்
நானும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஒருத்தி களை பறித்துக்கொண்டிருந்திருப்பாள்.
சத்தம் கேட்டு நிமிர்ந்திருப்பாள்,
இடியாக்கும் என்று மறுபடி குனிந்திருப்பாள்.
நிமிர்ந்தபோது இருந்தவன் நிலம் இல்லை
குனிந்தபோது இருந்தது.
சம்மன் இல்லை, சர்வேயர் இல்லை,
அவள் கையில் அதே கோரைப்புல்.

"வாடைக்காத்து அடிச்சிருந்தா
நம்ம ஊரு தப்பிச்சிருக்கும்," என்றார் அஞ்சாப்புலி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன்.
அவர் சாட்சிக்கூண்டிலும் இப்படித்தான்,
கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார்,
காற்றைப் பற்றிச் சொல்வார், மாட்டைப் பற்றிச் சொல்வார்.

மேலே மைனாக்கள் சண்டை.
ஒரு கனி விழுந்தது,
கேஸ் கட்டின் மேல், சரியாக நடுவில்.
வாதி பெயருக்கும் பிரதிவாதி பெயருக்கும் இடையே
ஊதா நிறத்தில் ஒரு வெடிப்பு.

இருவரும் பார்த்தோம்.
யார் பக்கம் என்று சொல்ல முடியவில்லை.
இன்னொன்று விழுந்தது. பிறகு காற்று வீசி, ஏழெட்டு.
அவர் வேட்டியில் துடைத்து ஒன்றை வாயில் போட்டார்.
நான் என் பக்கத்தில் விழுந்ததை மட்டும் எடுத்தேன்.
அதையும் எண்ணிக்கொண்டு.

திரும்பும்போது சாலையின் வடக்கோரம் அவர்,
தெற்கோரம் நான்.

டவாலி பேர் சொன்னார்.
"ஆஜர்" என்றார் அஞ்சாப்புலி. நாக்கு ஊதா.
"ஆஜர்" என்றேன்.
குமாஸ்தா என் வாயை ஒருமாதிரி பார்த்தார்,
கட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

நீதிபதி லீவு.
அடுத்த வாய்தா ஐப்பசியில்.

ஐப்பசியில் வாடை அடிக்கும்.
நாவல் இருக்காது.