பதினோராவது வண்டி

ஆடியில் ஒரே ஒரு நாள்
ஆம்புலன்ஸ் சாவியைப் பச்சியண்ணனிடம் கொடுத்துவிட்டு
குகைக்குப் போய் எமனாகிறேன்.
ஒன்பது வருஷமாகிறது.
விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில்
மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை என்று எழுதுவேன்.
என்ன வேஷம் என்று எழுதியதில்லை.
சூப்பர்வைசருக்குத் தெரியும். சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

மூன்று மணிக்கே ஷெட்டில் இருக்க வேண்டும்.
எருமைக்கு இந்த வருஷம் மூங்கில் வேண்டாமென்று
வெல்டிங் சௌடப்பன்
பழைய சைக்கிள் ரிம்மை அறுத்து வளைத்திருந்தான், கொம்பாக.
கண்ணுக்கு இரண்டு இண்டிகேட்டர் பல்பு.
எந்த வண்டியில் கழற்றியது என்று கேட்காதீர்கள்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது.
அதனால் பெரமனூர் பியூட்டி பார்லர் எழில்வேணி
மணப்பெண்களை விட்டுவிட்டுச் சாமிகளுக்கு வந்துவிடுவாள்.
தாடையைப் பிடித்துத் திருப்பிக் கருநீலம் அப்பிக்கொண்டே
"பொண்ணுங்களைவிட எமன் தேவலை,
போனை எடுத்து எடுத்துப் பாக்காம உக்காந்திருக்கான்" என்றாள்.

அம்மனாக நிற்கப்போகிற பாலிடெக்னிக் பையனுக்குச்
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையிலிருந்து கொலுசு வந்தது.
நிஜ வெள்ளி. முந்நூற்று இருபது கிராம்.
எடை போட்டு, சீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள்.
விடியக்காலம் திருப்பித் தரும்போது மறுபடி எடை போடுவார்கள்,
அம்மன் காலில் கிடந்ததென்றாலும்.

இதில் வசனம் இல்லை.
லாரி மேல் அசையாமல் நிற்பதுதான் மொத்த வேலையும்.
வருஷம் முழுக்க நாலு ரோட்டைச் சிவப்பில் தாண்டுகிறவன்
ஒரு ராத்திரி, கண் இமைக்காமல்,
நடக்கிற வேகத்தில் போகிறேன்.
மாடியெல்லாம் ஜனம். வாய் நிறையத் தட்டுவடை செட்டோடு
நாங்கள் எப்போது அசைவோமென்று பார்த்திருக்கும் பையன்கள்.
ஒருத்தன் பொரியை விட்டெறிந்தான், மூக்கில் பட்டது.
எமன் தும்மவில்லை.

பாத்திரக்கடை முனையில் அவள் நின்றிருந்தாள்.
நாமகிரி. லைன்மேடு.
மூன்று வருஷம் முன்பு அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு வந்தேன்,
மேம்பாலம் ஏறும்போதே உள்ளே சத்தம் நின்றுவிட்டது.
அன்றைக்கு என்னைக் கும்பிட்டாள்.
"நீங்க வேகமாத்தாண்ணே வந்தீங்க" என்றாள்.
அதற்குப் பிறகு எத்தனையோ நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது லாரி பக்கத்தில் வந்ததும்
விரலை நீட்டித் திட்டத் தொடங்கினாள்.
கண்ணில்லையாடா உனக்கு, நாப்பது வயசுடா,
சின்னவளுக்குக் காதுகூடக் குத்தலையேடா.
கூட்டம் அதையும் வேடிக்கையில் சேர்த்துக்கொண்டு விசிலடித்தது.
இரண்டு மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டே கூடச் சேர்ந்தார்கள்,
கொஞ்ச நேரத்தில் சிரிக்காமல்.
ஆளுக்கொரு பெயர் சொல்லித் திட்டினார்கள்.
ஒருத்தியின் பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்கவில்லை,
"எம்புள்ளை, எம்புள்ளை" என்று மட்டும்
ஜெனரேட்டரை மீறிக் கேட்டது.
பாசக்கயிற்றைப் பிடித்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.
மனுஷனாக நின்றிருந்தால்
ஏதாவது பதில் சொல்லத் தோன்றியிருக்கும்.
என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்ததா, தெரியாது.

தூரத்தில் சைரன்.
ஹாரன் அடிக்கிற விதத்திலேயே பச்சியண்ணன் என்று தெரிந்தது.
என் வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தேடியது.
"எமன் அசைஞ்சுட்டான்!" என்று ஒரு பையன் கத்தினான்.
பரிசு இந்த வருஷமும் ஒன்பதாவது வண்டிக்கு.

காலை ஆறு மணிக்கு டியூட்டி.
தேங்காய் எண்ணெயில் தேய்த்தும்
காதுமடலுக்குப் பின்னால் நீலம் போகவில்லை.
முதல் அழைப்பு அன்னதானப்பட்டி. மூச்சுத்திணறல்.
ஜவ்வரிசி மில் மேஸ்திரி, கனத்த உடம்பு.
ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது என் காதையே பார்த்தார்.
ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி,
"எந்த வண்டி?"
"பதினொண்ணுங்க."
"கண்ணு எரிஞ்சுச்சே, அந்த எருமையா?"
ஆமாம் என்றேன்.
"கொம்பு கொஞ்சம் சின்னது" என்று சொல்லிவிட்டு
மாஸ்க்கைத் தானே போட்டுக்கொண்டார்.