சோக்கை இழுத்தபடி

அம்பாறைப் பழைய இரும்புக் கடையில்
நிறுக்காமல், முழுசாக வாங்கிய எஞ்சின்.
"ஓடும் நோனா" என்றார் உக்குபண்டா.
ஓடியதுதான்,
களுவாஞ்சிக்குடியிலிருந்து
ஒந்தாச்சிமடம் பாலம் வரைக்கும்.

ஏற்றத்தில் ஒரு இருமல்.
ஒரு தும்மல்.
பிறகு பாலத்தின் கீழே தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
பையில் நாற்பது வினாத்தாள்,
மருதமுனையில் காத்திருக்கும் நாற்பது பிள்ளைகள்,
இடையில்
நூற்றுச் சொச்சம் கிலோ பச்சை இரும்பைத் தள்ளியபடி
இரசாயனவியல் மிஸ்.

மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்:
"என்னகா, பெற்றோல் இல்லையா?"
எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடும்,
விட்டால் நிற்கும்.
சூடேறினாலோ
அக்சிலேற்றரைத் தொடாமலே தானாக அலறும்,
அமர்த்த வழியிராது.

முபாஸ் நாலுதரம் காபரேட்டரைக் கழற்றினான்.
ஜெட்டுக்கு வாயை வைத்து ஊதினான்.
மிதவையைக் காதருகே குலுக்கினான்,
உள்ளே பெற்றோல் சலசலக்கிறதா என்று.
ஊசியை மாற்றினான்.
தாங்கியைக் கவிழ்த்துத் தண்ணீர் தேடினான்.
"பெரிய ஜெட் ஒண்டு போடுவம் மிஸ்."
நூறுக்குப் பதில் நூற்றிரண்டு,
அதற்குப் பிறகு நூற்றைந்து.
குடித்தது கூடியது, குணம் கூடவில்லை.
ஒவ்வொரு தரம் பூட்டும்போதும்
நட்டுகளுக்கு இன்னொரு கால் சுற்று,
பல்லைக் கடித்துக்கொண்டு:
"இனி அசையாது."

பலகையில் நான் எழுதுவேன்:
ஒக்ரேன் இரண்டு, ஒட்சிசன் இருபத்தைந்து.
பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் சமப்படுத்திவிடும்.
அந்த இருபத்தைந்தும்
எந்த வாசலால் வந்தன என்று
பாடப்புத்தகம் கேட்பதில்லை.

இரவு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன்.
மூக்கு வெள்ளை, பனடோல் குளிசை மாதிரி.
பெற்றோல் கூடினால் கரி பிடிக்கும்.
நூற்றைந்து ஜெட்டுக்கும் வெள்ளை என்றால்
வேறெங்கோ காற்றுப் புகுகிறது.

ஊசிக்குழாயில் டூ-ரி ஒயில் எடுத்து
ஓடும் எஞ்சினில்
காபரேட்டரின் அடியைச் சுற்றித் துளி துளியாக விட்டேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவது துளியை உறிஞ்சிக்கொண்டு
அலறல் சட்டென்று இறங்கியது.

கழற்றி, அடியில் அடிமட்டத்தை வைத்து
ரியூப்லைற்றுக்கு நேரே பிடித்தேன்.
மட்டத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே
மெல்லிய பிறை.
இறுக்கி இறுக்கியே வளைத்திருக்கிறான்.

காலையில் அந்தப் பிறையைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "தேய்க்கலாம் மிஸ்.
ஆனா மட்டமான சாமான் ஒண்டு வேணும்" என்றான்.
கராஜின் சீமெந்துத் தரை மேடுபள்ளம்.
மேசை உப்பியிருந்தது.
நான் வீட்டுக்குப் போய்
வந்தாறுமூலையில் வாங்கிய பட்டச் சான்றிதழின்
சட்டகத்தைப் பின்புறம் பிரித்து
கண்ணாடியை உருவிக்கொண்டு வந்தேன்.

அதன்மேல் நானூறாம் நம்பர் தாள்,
தாளின்மேல் காபரேட்டர்,
எட்டு எட்டாகச் சுழற்றினோம், ஆள்மாறி ஆள்.
சாம்பல் நிறத்தில் வழிந்தது மாவு.
அரை மணித்தியாலத்தில் பிறை தேய்ந்து
அமாவாசை.

புதுக் கேஸ்கட். பழைய நூறு ஜெட்.
நட்டு பிடித்ததும் அவன் கை
பழக்கத்தில் கால் சுற்றுக்குத் தயாரானது.
"போதும்" என்றேன்.
சாவியை என்னிடம் தந்துவிட்டு
கையைச் சாரத்தில் துடைத்தான்.

இப்போது சோக்கைத் தள்ளிவிட்டே போகிறேன்.
புத்தகத்தில் ஒரு எஞ்சின் இலக்கம்,
எஞ்சினில் இன்னொன்று.
அதற்கு மோட்டார் கந்தோரில் மூன்று படிவம்,
நாலாவது எங்கே என்று கேட்கிறார்கள்.
கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது.
சான்றிதழ் வெறுமனே தொங்கி
மின்விசிறி சுற்றும்போதெல்லாம்
காற்று வாங்குகிறது.

வெள்ளிக்கிழமை அதே பாலம், அதே ஏற்றம்.
நின்றுவிட்டது.
பிளக் சாவி, ஊசிக்குழாய், அடிமட்டம்
எல்லாவற்றையும் கைப்பிடிக் கட்டில் பரப்பினேன்.
சைக்கிளை நிறுத்திய மீன்காரர்
குனிந்து பார்த்துவிட்டு
பெற்றோல் ரப்பைத் திறந்துவிட்டுப் போனார்.