ஏழு வரை

புதுவயல் பள்ளியில்
வயிரவனைப் பரிசோதிக்க வந்த உளவியலாளர்
மூன்று நாளும் என்னைத்தான் பார்த்தார்.
கடைசி பெஞ்சில், அவன் பக்கத்தில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து
நோட்டில் கோடு கோடாய்ப் போட்டார்.

அவனுக்கு என்னவாம் என்றேன்.
"கேள்வி கேட்டுவிட்டு
ஒரு நொடிதான் காத்திருக்கிறீர்கள் டீச்சர்.
மனசுக்குள் ஏழு எண்ணுங்கள்" என்றார் ஜெரால்டின்.
சுருக்கென்றது.
இருபது வருட சர்வீஸ் எனக்கு.

திங்கட்கிழமை, தசம பின்னம்.
மூன்று. நான்கு.
ரைஸ்மில் இரைச்சல் அன்றுதான் காதில் விழுந்தது.
ஐந்தில்,
'உள்ளேன் டீச்சர்' தவிர ஏதும் பேசாத
அழகம்மையின் கை பாதி எழுந்தது.
ஆறு.
வயிரவன் வாய் திறந்தான்.

விடை தப்பு.
எப்படிப் போட்டாய் என்று கேட்டுவிட்டு
மறுபடி
ஒன்று.