நாய் மேற்கே போகவில்லை

கணவாயின் உச்சியில் எங்கள் குடில்.
கிர்கிஸ் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தை,
இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனை,
நடுவே பனி சரியும் சாலை.
ஓமுர்பெக், சைராகுல், நான்:
ஆளுக்குப் பத்து நாள் காவல்.
ஒருவர் ஏறி வரும் வண்டியிலேயே
மற்றவர் இறங்கிப் போவதால்
பேச நேரமிருக்காது.
மேசைமேல் குறிப்பேடு இருக்கும்,
நூலில் கட்டிய பென்சிலோடு.
பேனா என்றால் மை உறைந்துவிடும்.

நான் பக்கம் பக்கமாய் எழுதுவேன்.
பனியை வெள்ளைப் போர்வை என்பேன், மௌனம் என்பேன்;
ஒருமுறை கடவுளின் தாடி என்றுகூட.
ஓமுர்பெக் எழுதுவது நாலு வரி.
காற்று. அளவு. வெயில்.
அடுப்புக்கு விறகு போதும், போதாது.

அந்தப் பிப்ரவரியில்
வானொலியைப் பழுதுபார்க்க சைராகுலும் என்னோடு வந்தாள்.
கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது:
'நாய் இன்று மேற்கே போகவில்லை.'

நான்தான் முதலில் வாசித்தேன்.
சிரித்தேன்.
கிழவனுக்கும் பொழுது போகவில்லை என்று
தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அவள் கையுறையைக் கழற்றினாள்.
பின்னோக்கிப் புரட்டினாள்,
ஜனவரி, டிசம்பர், நவம்பர்.
"இந்தக் குளிர்காலம் முழுக்க
நாயைப் பற்றி அவர் ஒரு சொல் எழுதியதில்லை" என்றாள்.
தண்ணீர் கொதிக்குமுன்
தடுப்புக் கட்டையை இறக்கிவிட்டு வந்தாள்.

கீழே வெங்காய லாரிகள் பதினொன்று நின்றன.
வானொலியில் அதிகாரி கத்தினார்:
அளவு சரியாகத்தானே இருக்கிறது? நாயா? என்ன நாய்?
"எழுதியது ஓமுர்பெக்" என்றாள்.
அதற்குமேல் அவளிடம் காரணம் இல்லை.

அன்று ஒன்றும் நடக்கவில்லை.
மறுநாளும் இல்லை.
வெங்காயம் உறைந்து கல்லானது.
ஓட்டுநர்கள் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள்.
மூன்றாம் நாள் விடிய நாலு மணிக்கு
மேற்குச் சரிவு இறங்கி
இரண்டு மின்கம்பத்தையும் ஒரு வளைவையும் கொண்டுபோனது.
அந்நேரத்தில் யார் போகப்போகிறார்கள்
என்று அதிகாரி சொன்னதும் உண்மைதான்.

வசந்தத்தில் ஓமுர்பெக்கைச் சந்தையில் பார்த்தேன்,
குதிரைக் கடிவாளத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.
"சாலையை மூடு என்று நேராக எழுதியிருக்கலாமே?"
"மூட வேண்டுமா என்று எனக்குத் தெரியாதே.
நாய் போகாதது தெரியும்.
தெரிந்ததை எழுதினேன்."
மறுபடி கடிவாளத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

இத்தனை வருடம் நுனிப்புல் மேய்ந்திருக்கிறேன்.
பனி படிகிற வேகத்தில் படிக்க வேண்டும் போலும்,
மேலே ஒன்று விழ
அடியில் இருப்பது அழுந்துவது தெரியும்படி.

இன்று என் முறை.
கடவுளின் தாடி இருக்கும் பக்கத்தை யாரோ
அடுப்பு பற்றவைக்கக் கிழித்திருக்கிறார்கள். நல்லது.
காற்று, அளவு, வெயில் எழுதினேன்.
'நாய் தூங்குகிறது' என்று எழுதி,
குனிந்து பார்த்து,
அழித்தேன்.
கண்ணை மூடியிருக்கிறது.
காது நின்றுகொண்டிருக்கிறது.
அடுத்த வண்டியில் சைராகுல் வருகிறாள்.