கடைமடை வரை ஒன்றரை வோல்ட்

நீடாமங்கலம் கேட் மூடிக் கிடந்தது.
ஒரு கூட்ஸ், ஒரு மன்னார்குடி வண்டி,
அப்புறம் எதுவும் வராத பதினைந்து நிமிஷம்.
அதற்குள் ஏழு முறை அடித்துவிட்டார் ரைஸ்மில் சிங்காரவேலு:
"மெகரு, லாரி பதினொண்ணு நிக்குது.
எடைமேடை கம்ப்யூட்டர் தானா அணையுது, தானா எழுந்திருக்குது.
பேய் புடிச்ச மாதிரி."

பேய் இல்லை.
பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
உமித்தூசி, ஒரு பல்லிமுட்டை ஓடு,
ப்ராசசரை ஒட்டி ஐந்து கப்பாசிட்டர்கள்
தலை புடைத்து நின்றன.
ஒன்றின் உச்சியில் பழுப்பாய்க் காய்ந்த கசிவு.

புதுசு வாங்கலாமே என்று கேட்காதீர்கள்.
எடை எழுதும் புரோகிராம்
பழைய பிரிண்டர் துளையில் செருகிய கட்டைச்சாவியைக் கண்டால்தான்
கண் திறக்கும்.
எழுதிக் கொடுத்த தஞ்சாவூர்ப் பையன்
இப்போது ஷார்ஜாவில் மீன் ஏற்றுமதி செய்கிறானாம்.
புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது.

மைக்ரோஃபாரட் சொன்னால் அவருக்கு ஏறாது.
மூணாறு தலைப்பு தெரியும்.
"அங்கே பன்னிரண்டு வோல்ட் திறந்து விடுறாங்கண்ணே.
இவனுக்கு வேண்டியது ஒன்றரை. இவன் கடைமடை.
வாய்க்காலில் ஒரே சீராவா வரும்?
இந்த அஞ்சு குட்டையும் வாங்கி வெச்சு நிதானமா விடும்.
இப்ப தூர்ந்து போச்சு."
"அப்ப தூர் வாரிடு."
"பில்லுல மட்டும் வாரலாம்.
இதைத் தோண்டித்தான் எடுக்கணும்."
சிரித்தார். பதினொரு லாரிக்காரர்களும் சிரிக்கவில்லை.

வெள்ளைப் பாதி எந்தப் பக்கம் என்று
முதலில் போட்டோ எடுத்தேன்.
கம்பெனிக்குக் கம்பெனி மாறும் அது.
கூத்தாநல்லூர் டிராவல்ஸ் கடையில் ஒருமுறை
திருப்பி வைத்தேன்.
வெடித்த சத்தத்தில்
உம்ராவுக்குப் போக வந்த கிழவர் பிஸ்மில்லா சொன்னார்.
அன்றிலிருந்து வாய்விட்டே சொல்லுவேன்:
கோடு மைனஸ். கோடு மைனஸ்.

மைனஸ் கால் இளகுவதில்லை.
உள்ளே இருக்கும் செம்புத்தகடு
சூட்டையெல்லாம் குடித்துக்கொள்ளும்.
முப்பது எண்ணியும் ஈயம் அசையவில்லை.
பழைய ஈயத்தோடு கொஞ்சம் புதுசு கலந்து,
இந்தக் கால், அந்தக் கால்,
பால்பல் ஆட்டுவது போல் ஆட்டி ஆட்டி
மூன்றாவதை எடுக்கும்போது
கரண்ட் போனது.
ஜெனரேட்டர் மில் மோட்டாருக்கு மட்டும்தான், ஆபீசுக்கு இல்லை.

ஆரோக்கியதாஸ் லாரிக்குத் தார்ப்பாய் இழுத்தார்.
"காலையில ஈரம் பதினேழும்மா.
இன்னும் நின்னா இருபது தொடும்.
முத்துப்பேட்டைப் பக்கம் கறுத்துட்டு வருது பாருங்க."
நான் பார்க்கவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் நான்கை எண்ணினேன்.
கையில் இருந்தது நான்குதான்.

ஐந்தாவது,
வாட்ச்மேன் கொட்டகையில் தண்ணிக்குடம் சுமந்துகொண்டிருந்த
இலவச டிவியின் வயிற்றில் கிடைத்தது.
ஆயிரம் மைக்ரோ, பத்து வோல்ட்.
எண் சரி. இனம் வேறு.
இத்தனை வேகத்துக்குப் பழகாதது, சீக்கிரம் சூடேறும்.
"சம்பா முடியுற வரைக்கும் நிக்கும்.
குறுவைக்கு என்னைக் கூப்பிடுங்க,
நல்லதா ஒண்ணு வாங்கி வைக்கிறேன்" என்றேன்.
மறைத்தால் இன்னும் நூறு ரூபாய் கேட்டிருக்கலாம்.

கரண்ட் வந்ததும்
மிச்சத்தையும் பற்றவைத்து முடித்தேன்.
ஒற்றை பீப்.
கறுப்புத் திரையில் பச்சை எழுத்து.
கட்டைச்சாவியைத் தேடி, கண்டுபிடித்து,
வண்டி எண் கேட்டது.

முதல் லாரி ஏறியது. ரசீது கிறுக்கிக்கொண்டு வந்தது.
இரண்டாவது. மூன்றாவதில்
சிங்காரவேலு திரையையே முறைத்தபடி மூச்சைப் பிடித்திருந்தார்.
அணையவில்லை.
நாலாவதுக்கு அவர் டீ சொன்னார்.

நானூற்று ஐம்பது வாங்கிக்கொண்டு கிளம்பும்போது
மழை முதல் சொட்டு.
வெளிவழியில் ஒரு லாரி குறுக்கே நின்றதால்
மேடை மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது.
நடுவில் ஒரு நொடி நிறுத்தினேன்.
"நூத்தி இருபது!" என்று உள்ளிருந்து கத்தினார்,
"வண்டியா நீயா, பிரிச்சுச் சொல்லாது."

பத்துப் பத்தாகத்தான் படிக்கும் அது.
என் பையில் கிடந்த
புடைத்த தலை ஐந்தும்
அதன் கணக்கில் இல்லை.