முன் இடது சக்கரம்

அமர் மகால் மேம்பாலம் இறங்கும்போது
ஜெபராணி கண்ணாடியை ஏற்றினாள்.
பிறகு இறக்கினாள்.
"ஏதோ கருகுது."

தேவ்னார் குப்பைமேடாக இருக்கும் என்றேன்.
"அது வேற நாத்தம்."
மாஹுல் பக்கத்து எண்ணெய் ஆலை என்றேன்.
"இருபது வருஷமா மோந்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.
அந்தக் காய்ச்சல் போகும்போது
என் மூக்கையும் கையோடு கொண்டுபோய்விட்டது.
மூன்று வருஷமாகக் கருவாடும் சோப்பும் எனக்கு
வெறும் காற்று.

ஞாயிறு காலை முழுக்க
கட்டட வாசலில் செங்கல் முட்டுக்கொடுத்து
நானே மாட்டிய பிரேக் பேட்.
குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பேரம் பேசி வாங்கியது.
ஐந்நூறு மிச்சம் என்று
இரவுச் சாப்பாட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

"புது பேட் அப்படித்தான்.
பிசின் காயும். கொஞ்சம் ஓடினா சரியாயிடும்."
பொய்யில்லை, அப்படியும் உண்டுதான்.
ஆனால் மோந்து பார்க்காதவன் சொல்லும் உண்மை
இரவல் சட்டை மாதிரி
தோளில் நிற்கவில்லை.

அவள் மறுத்துப் பேசவில்லை.
போன தடவை அவள் சொன்னதும்
நான் சிரித்ததும்
சமையலறைச் சுவிட்சைச் சுற்றி
இன்னும் கறுப்பாக இருக்கிறது.

செம்பூர் நாக்கா தாண்டி
மூடிய ஒரு ஷட்டர் முன்னால்
நியூட்ரலில் உருளவிட்டேன்.
சரிவில்கூட நாலடிதான் போயிற்று.
யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல்
இடப்பக்கம் சாய்ந்து நின்றது.

ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருந்தது.
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்
புறங்கையை நீட்டிக்கொண்டு சுற்றி வந்தேன்.
பின்னால் இரண்டும் சும்மா.
வலது முன், டீ ஆறிய தம்ளர்.
இடது முன்னுக்குக் கை போகவே இல்லை,
அரையடி தள்ளியே அனல் தடுத்தது.

ஜெபராணி பாட்டிலைச் சாய்த்தாள்.
இடுக்கு வழியாக டிஸ்க்கில் நாலு சொட்டு.
தோசைக்கல் சொல்லும் சொல்லையே
அதுவும் சொன்னது.
அது எனக்குக் கேட்டது.

ஒரு மணி நேரம் ஆறவிட்டோம்,
ஆளுக்கு இரண்டு கட்டிங் சாயா.
பிறகு ஜாக்கி.
காலிப்பரின் கீழ்ப் பின் புஷ்ஷுக்குள் இறுகிக் கிடந்தது.
கண்ட கிரீஸைத் தடவியதில்
ரப்பர் ஊறி உப்பியிருந்தது.
உள்பக்கப் பேட் ஒரு ஓரமாகத் தேய்ந்து
கண்ணாடியாய் மினுங்கியது.
பிடிக்கத் தெரிந்திருக்கிறது,
விடத்தான் தெரியவில்லை.

மறுநாள் புதுப் பின், புது புஷ், சிலிக்கான் கிரீஸ்,
இரண்டு பக்கமும் வேறு பேட்.
மிச்சம் பிடித்தது போக எண்ணூறு நஷ்டம்.
சாப்பிடும்போது அதை
ஒரு தடவைதான் சொன்னேன்.

ராத்திரி வாஷி பாலம் வரை போய்த் திரும்பினோம்.
இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு,
நாலு சக்கரத்தையும் குனிந்து குனிந்து மோந்தாள்.
மாடியிலிருந்து ஷிண்டே வீட்டுக்காரம்மா
வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ?"
"புது ரப்பர். மழைத்தண்ணி. யாரோ பூண்டு வதக்குறாங்க."
"அப்புறம்?"
"ஒண்ணுமில்ல."

அந்த ஒன்றுமில்லை எப்படி இருக்கும் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் என் கையை இழுத்து முகர்ந்தவள்
முகம் சுளித்தாள்.
"இங்கதான் இருக்கு. போய்க் கழுவு."

கழுவினேன்,
அவள் போதும் என்கிற வரைக்கும்.