தொண்ணூறாயிரம் டெங்கே

தேயிலை டப்பாவைக் கவிழ்த்து
இருவரும் இரண்டு முறை எண்ணினோம்.
இரண்டு முறையும் தொண்ணூறாயிரம்தான்.
மூன்றாம் முறை தொல்கின் எண்ணினாள்,
ரொட்டித் தொழிற்சாலை மாவு இன்னும் நகக்கண்ணில்.
கூடவில்லை.

கரகண்டாவில் நவம்பர். மைனஸ் இருபத்தாறு.
ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிறது நிஜப் பனி.
உள்ளே, எங்கள் விளையாட்டில்,
பனியை அணைத்து வைத்திருந்தோம்.
நிழலை அணைத்தாயிற்று, புல்லையும்.
ஆறு வெறும் நீலத் தகடு.
நிழலில்லாத குதிரைகளின் மேல்
நிழலில்லாத நாங்கள்
நொடிக்குப் பத்தொன்பது ஃபிரேமில்
விக்கி விக்கிப் போனோம்.

அவளுக்கு வேண்டியது பிராசஸர்.
நகரம் கட்டும் ஆட்டத்தில்
நாற்பதாயிரம் பேர் குடியேறியதும்
பேருந்துகள் உறைந்துவிடுகின்றனவாம்.
"அதே சாக்கெட்தான். பழைய மதர்போர்டிலேயே உட்காரும்,
முதலில் பயாஸைப் புதுப்பித்துவிட்டால் போதும்."
கூடவே மினுங்கும் ராம்,
ஏழு வண்ணத்தில்.
வண்ணத்துக்கு மட்டும் நாலாயிரம் என்றேன்.
உன் உதட்டுச் சாயத்துக்கு நான் கணக்குக் கேட்டேனா என்றாள்.

எனக்குக் கார்டு.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.
கூட்டல்கள், அடித்தல்கள்,
ஓரத்தில் அவள் வரைந்த பூனை.
பிராசஸர் ஐம்பத்தைந்து, ராம் பதினெட்டு,
கார்டுக்கு மிஞ்சுவது பதினேழு:
அந்த விலைக்கு ஒரு விசிறியும்
ஒரு பெருமூச்சும் கிடைக்கும்.
நல்ல கார்டு வாங்கினாலோ
நானூறு வாட் என்று தானே சொல்லிக்கொள்ளும்
எங்கள் அநாமதேய பவர் சப்ளை
முதல் பீரங்கிச் சண்டையிலேயே
தானும் வெடிக்கும்.

வழக்கைத் தீர்த்தது ஒரு சோதனை.
திரையின் தெளிவைப் பாதியாக்கு.
வேகம் கூடினால் குற்றவாளி கார்டு,
அசையாமல் நின்றால் பிராசஸர்.
பாதியாக்கினோம்.
குதிரைகள் கொழுத்த எறும்புகளாகின. ஆனால்
ஓடின.
நாற்பத்து நான்கு.
தொல்கின் ஒன்றும் சொல்லவில்லை.
ஜாம் பாட்டிலின் கடைசிக் கரண்டியை
என்னைக் கேட்காமல் தின்றாள்.

வலேரியின் கராஜில் கார் இல்லை.
இரும்பு அலமாரியில்
வால் முளைத்த நாற்பத்தொரு கார்டுகள்,
இரண்டு வருடம் இரவு பகலாய்
நாணயம் தோண்டியவை.
"எல்லாம் சுரங்கத்தில் ஓய்வு பெற்றவை," என்றான்.
இந்த ஊரில் அந்தச் சொல்லை
யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.
அவனும் சிரிக்கவில்லை.

முப்பத்தெட்டாயிரம்.
ஒவ்வொன்றாய் எடுத்து முகர்ந்தேன்.
கருகல். சிகரெட். ஒன்றில் எப்படியோ
வெள்ளரி ஊறுகாய்.
விசிறிகளை விரலால் சுண்டிக்கொண்டே வந்தேன்,
பதினாறாவதன் இடது விசிறி
கரகரவென்று முனகியது.
"அது மட்டும் முப்பத்தொன்று."
அவன் மேஜையிலேயே இருபது நிமிடம் ஓடவிட்டோம்.
திரையில் கோடில்லை, எழுபத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை.
ஏழாயிரம் டெங்கே முனகலை
என் காது தாங்கும் என்று முடிவு செய்தேன்.

பவர் சப்ளை புதிது, ஐந்து வருட உத்தரவாதத்தோடு,
இருபத்து நாலாயிரம். யானைக்குப் பேரம் பேசலாம்,
அங்குசத்துக்குக் கூடாது.
ராம் பதினாலுக்கு, வண்ணமில்லாதது.
மீதியை டப்பாவில் போட்டு
'பிராசஸர்' என்று எழுதி ஒட்டினாள்,
நான் அழிக்க முடியாதபடி மார்க்கரால்.

வீட்டில் கார்டு உள்ளே போகவில்லை.
ஒரு விரல் அகலம் இடித்தது.
எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிலில் பரப்பிவிட்டு
கீழ்வீட்டு கென்ரிக்கின் ரம்பத்தால்
ஹார்டு டிஸ்க் கூண்டை அறுத்தோம்,
நள்ளிரவில், மாறி மாறி.
மேல்வீட்டில் யாரோ தரையைத் தட்டினார்கள்.

முதலில் நிழலைத்தான் திறந்தேன்.
குதிரைக்கு அடியில்
ஒரு கறுப்புக் குதிரை படுத்திருந்தது.
தொல்கின் கீழே இறங்கி
தன் நிழலைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.
பின்னால் வந்த கொள்ளையர்கள்
அவளைச் சாவகாசமாகக் கொன்றார்கள்.

பனியை நீ போடு என்றேன்.
அதுதான் வெளியே கிடக்கிறதே என்றாள்.
போட்டாள்.

மூடி இன்னும் மாட்டவில்லை.
விசிறி முனகுகிறது.
அது கக்கும் வெந்நிறக் காற்றில்
காலை ஷிஃப்டுக்கான அவள் காலுறைகள்
காய்ந்துகொண்டிருக்கின்றன.